கண்ணுக்குத் தெரியாத திருத்தம்

எங்கள் வாசகர் வட்டத்தின் பழைய இதழ்களைப் பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டிலிருந்து, எழுத்துகளுக்கான உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அதன் நடுவில் நடந்த ஒரு பேச்சுதான் இன்னும் முடியவில்லை. அத்தனை இதழ்களையும் தட்டச்சு செய்து பக்கம் கட்டிய பெரியவரிடம் முதல் தொகுதியைக் காட்டியபோது அவர் கேட்டார்:

“மாத்தினப்புறம் எனக்கு வித்தியாசம் தெரியுமா தம்பி?”

“தெரியாது ஐயா. பார்வைக்கு அப்படியேதான் இருக்கும்.”

“அப்போ நீங்க என்ன மாத்தினீங்கன்னு நான் எப்படிச் சரிபாக்கறது?”

ஒவ்வொரு திருத்தமும் வரி எண்ணோடு ஒரு கோப்பில் பதிவாகிறது என்று பதில் சொன்னேன். பொய்யில்லை. கோப்பைத் திறந்தும் காட்டினேன். இடப்பக்கம் ‘அவா்கள்’, வலப்பக்கம் ‘அவர்கள்’. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அந்தத் திரையில் இரண்டும் ஒன்றுதான்.

பாமினி போன்ற பழைய ஃபாண்டுகளில் கணினியைப் பொறுத்தவரை தமிழ் என்று எதுவும் கிடையாது. ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகள். கோப்பில் சேமிக்கப்படுவதும் அந்த ஆங்கில எழுத்துகள்தான். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது மட்டுமே ஃபாண்டின் வேலை. அதனால் தட்டச்சு செய்பவர் எழுத்தை அடிப்பதில்லை, உருவங்களை அடுக்குகிறார். கொம்பை முதலில், மெய்யைப் பிறகு, காலைக் கடைசியில். யூனிகோடில் ஒழுங்கு வேறு: ‘கொ’ என்றால் முதலில் க, அதன்பின் ஒகரக் குறி.

‘அப்பவே யூனிகோடில் அடித்திருக்கலாமே’ என்று இளைய தன்னார்வலர்கள் சிலர் சொல்வதுண்டு. யூனிகோடில் 1991ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது உண்மைதான். ஆனால் விண்டோஸ் தானாகத் தமிழ் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000த்தில், லதா ஃபாண்டோடு. பக்கம் கட்டப் பயன்பட்ட பேஜ்மேக்கர் கடைசிவரை யூனிகோடு பக்கமே வரவில்லை. அச்சகத்துக்குக் கோப்பு போக வேண்டுமென்றால் பாமினியோ அதைப் போன்ற இன்னொன்றோதான் வழி.

இனி அந்த ‘அவா்கள்’. ஈய எழுத்துக் காலத்து அச்சில் ‘ர்’, ‘ரி’, ‘ரீ’ மூன்றுக்கும் அடியில் அந்தச் சாய்கோடு இருக்காது. வெறும் காலின் மேல் புள்ளி, வெறும் காலோடு இகரக் குறி, அவ்வளவுதான். பாமினியில் நேர்த்தியாக அடிக்கத் தெரிந்தவர்கள் இந்த மரபை விடவில்லை. ‘ர’வுக்கு உரிய ‘யு’ விசையை விட்டுவிட்டு, காலுக்கு உரிய ‘எச்’ விசையையும் புள்ளியையும் அடித்தார்கள். தாளில் அழகாக வந்தது. அடித்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. மாற்றி மென்பொருள் அதைப் படிக்கும்போது எச் என்றால் கால், அரைப்புள்ளி என்றால் புள்ளி என்று சொன்னபடி செய்துவிடுகிறது. விளைவு, யூனிகோடில் காலுக்கு மேல் புள்ளி. தமிழில் அப்படி ஓர் எழுத்தே இல்லை. ஆனால் பல ஃபாண்டுகள் அதை ‘ர்’ போலவே வரைந்து காட்டிவிடும்.

இதைவிடச் சிக்கலானது ‘சேர்ந்த’. பாமினியில் அதன் முதல் பகுதி இரட்டைக் கொம்பு, ச, கால், புள்ளி. மாற்றிகள் நீளமான தொடரை முதலில் பிடிக்கும்படி எழுதப்பட்டவை. அப்படி எழுதாவிட்டால் ‘கொ’ எல்லாம் ‘கெ’யும் தனிக் காலுமாக உடைந்துபோகும். அதனால் கொம்பு, ச, கால் மூன்றையும் சேர்த்து ‘சோ’ என்று எடுத்துக்கொண்டு, மிஞ்சிய புள்ளியை மேலே வைத்துவிடுகிறது: ‘சோ்ந்த’. இதே வழியில் ‘பெரிய’ என்பது ‘பொிய’ ஆகிறது, ‘தேர்தல்’ ‘தோ்தல்’ ஆகிறது. இணையத்தில் இன்றும் செய்திக் கட்டுரைகளில் இவை கிடக்கின்றன. வேகமாகப் படிக்கும் கண் நின்று பார்ப்பதேயில்லை.

கால்மேல் புள்ளி இருந்தால் ‘ர்’ ஆக்கு என்று நேரடியாக விதி எழுதினால் ‘அவா்கள்’ சரியாகும், ‘சோ்ந்த’ சரியாகாது. அங்கே கால் தனியாக இல்லை, ஓகாரக் குறிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் உரை முழுவதையும் யூனிகோடின் என்எஃப்டி வடிவத்துக்கு, அதாவது கூட்டுக் குறிகள் தனித்தனியாக நிற்கும் வடிவத்துக்கு, பிரிக்க வேண்டும். அப்போது ஓகாரக் குறி இரட்டைக் கொம்பாகவும் காலாகவும் பிரியும். பிறகு, காலைத் தொடர்ந்து புள்ளியோ இகர ஈகாரக் குறியோ வந்தால் காலை ‘ர’ ஆக்கும் விதி. கடைசியில், பிரித்த குறிகள் ஒட்டி நிற்கும் என்எஃப்சி வடிவத்துக்குத் திரும்பச் சேர்ப்பது. ‘வௌியீடு’, ‘தௌிவு’ போன்றவற்றுக்கும் இதே வழிதான்: ஔகாரக் குறியின் வலப் பாதிக்கு யூனிகோடில் தனிக் குறி உண்டு, அதற்குப் பின் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது உண்மையில் ‘ள’. இந்த இரண்டு விதிகளும் தவறான இடத்தில் பாய வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அவை தேடும் சேர்க்கை சரியான தமிழில் எங்கும் வராது. பெரியவரிடம் அவ்வளவு உறுதியாகப் பேசியது இந்தத் தைரியத்தில்தான்.

கண்ணுக்குச் சரியாக இருப்பதை ஏன் தொட வேண்டும் என்பதற்குப் பதிலும் கையில் இருந்தது. ‘சேர்ந்த’ என்று தேடினால் ‘சோ்ந்த’ வராது. அகரவரிசைப்படுத்தினால் அது ‘சோ’வில் போய் உட்காரும். திரைவாசிப்பான் வைத்து இதழைக் கேட்கிற வாசகருக்கோ வரிக்கு வரி இடறல். என்விடிஏ என்ற திரைவாசிப்பானும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளும் தமிழ் படிக்கும். ஆனால் எழுத்தின் குறியீட்டைத்தான் படிக்கும், அதன் சாயலை அல்ல. பார்வையுள்ளவருக்கு ‘அவர்கள்’ ஆகத் தெரிவது பார்வையற்றவர் காதில் வேறு ஏதோவாக விழுகிறது. இத்தனையும் சரியான வாதங்கள். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் இவற்றில் ஒன்றும் பதில் இல்லை. மாற்றத்தின் அவசியத்தை அவர் மறுக்கவேயில்லை.

அந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தட்டச்சில் விழுந்த உண்மையான பிழைகளைக் காட்டியபோது அவர் துளிகூடத் தயங்கவில்லை. அதில் பெரும்பகுதி அவர் செய்ததும் அல்ல. வேர்டில் பாமினி அடித்தால், வாக்கியத்தின் முதல் எழுத்தை அது தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் சிறிய ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. சிறிய கே ‘ம’, பெரிய கே ‘மு’. வாக்கியத் தொடக்கத்தில் ‘தமிழ்’ ‘துமிழ்’ ஆகிறது, ‘மக்கள்’ ‘முக்கள்’ ஆகிறது. இவை சொல்திருத்தியில் மாட்டிக்கொள்ளும். ‘கடல்’ ‘குடல்’ ஆனால் மாட்டாது, ‘கடை’ ‘குடை’ ஆனாலும் மாட்டாது, இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள். ‘குடல் அன்று அமைதியாக இருந்தது’ என்று ஒரு கதை தொடங்கியதைப் பார்த்து அவரே வாய்விட்டுச் சிரித்தார். வாக்கிய முதற்சொற்களை மட்டும் தனியே பிரித்து அச்சடித்துக் கொடுத்தோம். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். கண்ணுக்குத் தெரிந்த தவறென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் திருத்தச் சம்மதம். தெரியாத திருத்தத்தில்தான் அவருக்குக் கை நின்றது.

அவர் தயக்கம் சரிதான் என்று காட்டும் இடமும் ஒன்று உண்டு. பழைய ஃபாண்டில் ஔகாரத்தின் வலப் பாதியும் ‘ள’வும் ஒரே விசை. கொம்பு, க, ள என்று வந்தால் மாற்றி அதைக் ‘கௌ’ என்று எடுத்துக்கொள்ளும். ‘கௌரவம்’ என்றால் சரி. பின்னால் உயிர்க்குறி வந்தாலும் மேலே சொன்ன விதி மீட்டுவிடும். ஆனால் கதைகளில் பேச்சுவழக்கு வருகிறதே! ‘கெளம்பு’, ‘வெளக்கு’, ‘வெளயாட்டு’. இங்கே ‘ள’வுக்குப் பின் குறி எதுவும் இல்லை. ‘கௌம்பு’ என்று தவறாக மாறியது விதியிலும் சிக்காது, பதிவுக் கோப்பிலும் வராது. திருத்தமே நடக்காத இடத்தில் பதிவு எங்கிருந்து வரும்? திரையிலும் பெரும்பாலான ஃபாண்டுகளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஔகாரம் வரும் சொற்களைப் பட்டியலிட்டு, அதில் ‘பௌத்தம்’, ‘சௌக்கியம்’, ‘வௌவால்’ போன்ற தெரிந்த சொற்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தை ஆள் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

பார்ப்பது என்றா சொன்னேன்? பார்த்துப் பயனில்லை, கேட்க வேண்டும். அவர் சரிபார்ப்பதற்கு எங்களுக்குத் தோன்றிய ஒரே வழி அதுதான்: மாற்றிய உரையைக் கணினிக் குரலில் ஓடவிட்டு, அவர் கையில் பழைய அச்சுப் பிரதியைக் கொடுப்பது. குரல் மோசம்தான், உயிரில்லாமல் படிக்கும். ஆனால் இந்த வேலைக்கு அதுவே நல்லது; மனிதர் படித்தால் பிழையைத் தானாகச் சரிசெய்து படித்துவிடுவார். ஒரு கதையில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “அந்தக் கிழவி ‘கெளம்பு’ன்னுதான் சொல்லுவா. இது என்னமோ சொல்லுது.” பட்டியலில் எங்களுக்குத் தப்பியிருந்த சொல் அது. கேள்விக்கு வழி கிடைத்துவிட்டது என்று அன்று தோன்றியது. அடுத்த இதழைப் போட்டபோது, எல்லாவற்றையும் இப்படி உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை என்பதும் தெரிந்தது. அவர் கேட்டது மாதிரிக்குச் சில இதழ்கள். மீதி எல்லாம் எங்கள் விதிகளை நம்பித்தான்.

பெயர்கள் விஷயத்தில் நாங்கள் வேறு மாதிரி நடந்துகொண்டோம். ஒரே உறுப்பினர் ஓர் இதழில் ‘ராஜேஸ்வரி’, இன்னொன்றில் ‘இராசேசுவரி’. தேடலுக்கு வசதியாக ஒன்றாக்கிவிடலாம் என்று ஒரு தன்னார்வலர் வாதாடினார். தேடல்தான் நோக்கம் என்றால் அவர் பக்கமே நியாயம். வேண்டாம் என்று முடிவு செய்தோம். உரையில் உள்ளது உள்ளபடி, பெயரடைவில் மட்டும் இரண்டையும் இணைப்பது. இந்த முடிவில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் அதையும் ‘அவா்கள்’ விவகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உறுத்தல். தெரியும்படி மாற்ற எங்களுக்கு உரிமையில்லை, தெரியாதபடி மாற்ற உரிமையுண்டு என்று சொல்வதுபோல ஆகிறது. பெரியவர் கணக்கு நேரெதிர்: தெரியும்படி மாற்று, நான் பார்த்துக்கொள்கிறேன். ‘அவா்கள்’ என்பதில் நாங்கள் மாற்றியது அவர் எழுத்தை அல்ல, மென்பொருள் புகுத்திய கோளாறை என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். சொல்லியும் இருக்கிறேன். ஆனால் எச் விசையைத் தெரிந்தே அழுத்தியது அவர் விரல். அச்சு மரபுக்காக அவர் எடுத்த அந்த முடிவு பாமினிக் கோப்பில் பதிந்திருந்தது, நாங்கள் கொடுத்த கோப்பில் இல்லை.

இதே வேலையில் இறங்குபவர்களுக்கு, மூலக் கோப்பை முதல் நாளே தனியாக எடுத்து வையுங்கள். அதன் ஷா-256 கூட்டுத்தொகையை (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும் அடையாள எண்) குறித்துக்கொண்டு, எழுத முடியாதபடி பூட்டுங்கள். ஃபாண்ட் கோப்பும் கூடவே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மூலம் என்பது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஃபாண்டைப் பதித்த பிடிஎஃப் ஒன்றும் எடுத்துவிடுங்கள். வெற்று உரையாக ஏற்றுமதி செய்து மாற்றாதீர்கள்: எந்தத் துண்டு எந்த ஃபாண்டில் இருந்தது என்ற தகவல் போய்விடும், நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். காற்புள்ளியில் கவனம். பாமினியில் காற்புள்ளி விசை ‘இ’. காற்புள்ளி வேண்டுமென்றால் முற்றுப்புள்ளி விசையை ஷிஃப்டோடு அழுத்த வேண்டும். ஃபாண்ட் தகவல் தொலைந்த ஆங்கில வாக்கியத்தில் எங்கெல்லாம் ‘இ’ முளைக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது குழுவில் ஓடுவது வேறு பஞ்சாயத்து. பழைய இதழ்களின் கடைசிப் பக்கத்தில் ‘தட்டச்சு, பக்க வடிவமைப்பு’ என்று அவர் பெயர் இருக்கிறது. மாற்றிய பதிப்பிலும் அது அப்படியே வரலாமா? வரட்டும் என்று எல்லோரும் சொன்னோம். “நான் அடிச்சது அது இல்லையே” என்றார் அவர். கிண்டலாகச் சொன்னாரா, கண்டிப்பாகவே சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியவில்லை. ‘யூனிகோடு மாற்றம்’ என்று கீழே இன்னொரு வரி சேர்த்து, அவர் பெயரை மேலே அப்படியே விட்டிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் அவர் வந்தால் மறுபடி கேட்க வேண்டும்.