ஐம்பதுக்கு நாற்பத்தைந்தரை

துணியை மேசையில் விரித்து, 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் ஒரு கட்டம் போடுவோம். அழியாத மார்க்கரில் ஓரங்களைக் குறித்து, மெஷினில் துவைத்து, காய வைத்து, திரும்ப அளப்போம். நீளத்தில் 47.5 வரைக்கும் சுருங்கலாம். அதாவது 5 சதவீதம். அதற்கு மேல் போனால் பையர், அதாவது சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக்காரர், ஏற்க மாட்டார். போன செப்டம்பரில் ஒரு புதன்கிழமை மதியம் நான் அளந்தபோது 45.5 வந்தது. ஸ்கேலைத் திருப்பி வைத்து இன்னொரு முறை அளந்தேன். அதே 45.5. ஒன்பது சதவீதம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். 2021 மார்ச் 1ஆம் தேதி இங்கே சேர்ந்தேன். அதற்கு முன்னால் வேறொரு கம்பெனியில் ஆறு வருடம். பையர் ஆர்டர் போட்டதிலிருந்து தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறுகிற வரைக்கும் நூல், நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல், செக்கிங் என்று எல்லாவற்றின் பின்னாலும் ஓடுவதுதான் என் வேலை. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். பிடிக்காமல் இருந்திருந்தால் இங்கிருந்து விலகுகிற முடிவை எடுக்க இத்தனை நாள் ஆகியிருக்காது.

துணி ஏன் சுருங்கியது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 160 ஜிஎஸ்எம் கேட்ட துணி கனமாக வந்துவிட்டது. எடையைக் குறைக்க காம்பேக்டிங்கில், அதாவது துணியை நெருக்கி அளவை நிறுத்துகிற மெஷினில், நீளவாக்கில் இழுத்துவிட்டிருந்தார்கள். மேசையில் பார்த்தால் 160 சரியாக இருக்கும். தண்ணீரில் நனைந்ததும் துணி தன் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். திரும்பவும் காம்பேக்டிங் போட்டுச் சரி செய்யலாம். ஆனால் ஜிஎஸ்எம் 167-க்கு ஏறும், அதே கிலோவில் நீளம் குறையும். 12,000 டீ-ஷர்ட்டில் 500 வராது. கூடவே இரண்டு நாள் தாமதம்.

மேனேஜர் சாரிடம் போய்ச் சொன்னேன். பேப்பரைப் பார்த்தார். "நாலரைன்னு போட்டு மெயில் அனுப்பிருங்க அம்மிணி" என்றார். சுருக்கம் நாலரை சதவீதம்தான் என்று பையருக்கு எழுதச் சொல்கிறார்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொன்னால் நியாயமாக இருக்காது. பதினாறு வயதில் நிட்டிங் யூனிட்டில் ஹெல்பராகச் சேர்ந்தவர். துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு, ஜிஎஸ்எம் சொல்வார். அப்புறம் வட்டக் கட்டரில் வெட்டி எடை போடுவோம். அது சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வெட்டும், கிராமில் வருகிற எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.60 கிராம் என்றால் 160. அவர் சொன்னதற்கும் மெஷினுக்கும் மூன்று நான்குக்கு மேல் வித்தியாசம் வந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். சேர்ந்த முதல் வருடம் தினமும் ஒரு துண்டைக் கையில் கொடுத்து "இது எவ்வளவு?" என்று கேட்பார். நான் இன்று துணி தெரிந்தவள் என்றால் அது அவர் போட்ட பிச்சை. இதை மனதாரச் சொல்கிறேன்.

அதே மனிதர்தான் ஐம்பது பேர் பார்க்க ஃபைலைத் தூக்கி எறிவார். கொங்குப் பக்கம் பேச்சில் 'ங்க' இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. அவருக்குக் கோபம் வந்தால் முதலில் விழுவது அந்த 'ங்க'தான். "எங்க போனே? யாரைக் கேட்டு அனுப்புனே?" அடுத்தது என்ன வரும் என்று ஃப்ளோர் முழுக்கத் தெரியும். செக்கிங் டேபிளில் இருக்கிற பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். காலையில் அவர் வண்டி கேட்டுக்குள் வருகிற சத்தத்திலேயே என் வயிறு இறுகிப்போகும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அது ஆரம்பித்துவிடும். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே திங்கட்கிழமை மெயில்களை மனதுக்குள் எழுதிக்கொண்டிருப்பேன்.

ஆனாலும் கத்துகிறார் என்பதற்காக நான் போக நினைத்ததில்லை. ஷிப்மென்ட் தேதி கழுத்தில் நிற்கும்போது இந்த ஊரில் கத்தாத மேனேஜரை நான் அதிகம் பார்த்ததில்லை. அது சரி என்று சொல்லவில்லை. பழகிவிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

2023-ல் நடந்தது வேறு. அப்போதும் இதே போல ஒரு சுருக்கம், ஏழு சதவீதம் இருக்கும். அவர் சொன்னார், நான் நாலரை என்று போட்டு அனுப்பினேன். என் தப்பு அது. மறுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து நஷ்டஈடு கேட்டு பையரிடமிருந்து கிளெய்ம் வந்தது. முதலாளி கூப்பிட்டுக் கேட்டபோது மேனேஜர் சார் என் மெயிலின் பிரிண்டை எடுத்து மேசையில் வைத்தார். "மெயில் போட்டது இவங்கதானுங்க." அன்றைக்கு 'ங்க' விழவில்லை. குரலும் உயரவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எத்தனையோ முறை கத்தியிருக்கிறார், ஒன்றுகூட இந்த மாதிரி வலித்ததில்லை.

அதனால்தான் செப்டம்பரில் "நாலரைன்னு போட்டு" என்று அவர் சொன்னதும் கை நடுங்கியது. "நான் போட மாட்டேனுங்க சார். வேணும்னா நீங்களே உங்க மெயில்ல இருந்து போட்டுருங்க" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கால் மணி நேரம் கத்தினார். என் படிப்பு, என் சம்பளம், என்னை வேலைக்கு எடுத்த நாள் எல்லாம் வந்தது. நான் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் அந்த மெயிலைப் போடவில்லை.

அன்று ராத்திரியே துணி காம்பேக்டிங்குக்குத் திரும்பப் போனது. பையரிடம் பேசி, பீஸ் குறைத்து அனுப்ப ஒப்புதல் வாங்கினோம். எல்லாம் முடிந்தது. ஆனால் எனக்கு அது மட்டும் மனதிலிருந்து போகவில்லை. தன் பெயரில் அவரால் அனுப்ப முடியாத ஒன்றை என் பெயரில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். இரண்டு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த பதில் அதற்குள் இருந்தது. இங்கிருந்து போக வேண்டும்.

எப்போது என்பதுதான் அடுத்த கேள்வி. அதில் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. என் வீட்டுக்காரர் இன்னொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பவர் அவர்தான். "நாளைக்கே லெட்டரைக் குடுத்துட்டு வா, பாத்துக்கலாம்" என்றார். அப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் கூலிக்கு நெய்தவர். எனக்காகக் கொதிப்பார் என்று நினைத்தேன். "அஞ்சு மாசம் கண்ணு. கிராஜுவிட்டிய உட்டுட்டு வராத. எனக்கெல்லாம் அப்படி ஒன்னு இருக்குதுன்னே யாரும் சொல்லல" என்றார்.

கிராஜுவிட்டி என்பது ஐந்து வருடம் வேலை பார்த்தவர் விலகும்போது கம்பெனி தர வேண்டிய பணம். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் பேசிக் சம்பளம் 18,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5 வருடத்தால் பெருக்கினால் 51,923 ரூபாய். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. ஆனால் அதை வைத்துக்கொண்டு கம்பெனியோடு வழக்காட எனக்குத் தெம்பில்லை. 2026 பிப்ரவரி 28 தாண்டிவிட்டால் பேச்சே இல்லை. பி.எஃப். பணத்தை எடுக்கக் கூடாது, புது இடத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதிலும் தெளிவாக இருந்தேன். பழைய கம்பெனியின் ஆறு வருடத்தையும் சேர்த்தால் பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருடம் தாண்டிவிடும்.

பணத்துக்காகக் காத்திருப்பது கோழைத்தனம் என்று ஒரு தோழி சொன்னாள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த 51,923 நான் உழைத்த காசு. அவருக்குப் பயந்து அதை விட்டுவிட்டு ஓடுவதுதான் எனக்குத் தோல்வியாகத் தெரிந்தது. ஊர் நிலைமையும் ஒரு காரணம். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதில் அந்த ஆர்டர்களை நம்பியிருந்த கம்பெனிகள் ஆடிப்போயிருந்தன. எங்களுக்கு ஐரோப்பா பையர்கள், அதனால் தப்பித்தோம். ஆனால் புதிதாக ஆள் எடுக்க யாரும் கதவைத் திறக்கவில்லை.

சரி, அந்த ஐந்து மாதத்தை எப்படித் தள்ளினேன்? டெஸ்ட் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து இணைக்காமல் எந்த அளவையும் மெயிலில் எழுதவில்லை. மேனேஜர் சார் வாயால் சொல்வதை "நீங்கள் இன்று சொன்னபடி" என்று ஆரம்பித்து அவருக்கே மெயில் போட்டேன். முதல் தடவை என் மேசைக்கு வந்து "எனக்கே மெயிலா?" என்றார். "மறந்துருவேனுங்க சார்" என்றேன். பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பதினொரு நாளும் நன்றாகத் தூங்கினேன்.

பொங்கலுக்கு முன்னால் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு சின்ன யூனிட்டில் இன்டர்வியூ. அவர்கள் எல்லாம் கேட்டு முடித்த பிறகு நான் ஒன்றே ஒன்று கேட்டேன். சுருக்க ரிப்போர்ட் யார் பெயரில் போகும்? "டெஸ்ட் பண்றவங்க கையெழுத்துல குவாலிட்டில இருந்து போகுமுங்க. மெர்ச்சண்டைசருக்குக் காப்பி மட்டும்தான்" என்றார் அந்த முதலாளி. சம்பளம் 28,000. இங்கே 32,000. வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸிலேயே மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நகைச் சீட்டை நிறுத்தினால் சமாளிக்கலாம். மகளின் பள்ளிக்கூடச் செலவில் கை வைக்க வேண்டியதில்லை.

நேற்று, ஜனவரி 31, சனிக்கிழமை. சம்பள நாள் கூட்டம் குறைந்த பிறகு மேனேஜர் சார் அறைக்குப் போனேன். ஒரு மாத நோட்டீஸ், கடைசி நாள் மார்ச் 2 என்று எழுதிய கடிதம். நின்றுகொண்டே படித்தார்.

"அங்க எவ்வளவு தர்றாங்க?"

"இருபத்தெட்டுங்க சார்."

ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் கிடந்த நேவி துணித் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "இது எவ்வளவு இருக்கும்?"

தேய்த்துப் பார்த்தேன். கொஞ்சம் ஈரப்பதம் இருந்தது. "நூத்தி எம்பதுங்க சார்."

கட்டரை வைத்து அழுத்தித் திருப்பினார். மெஷினில் 1.82 என்று வந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேனாவை எடுத்து, என் கடிதத்தின் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தன் பெயரை முழுதாகப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தார்.