ஒரே ஒரு போன், நாற்பது அட்டை

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். போன் என்று இருப்பது டீச்சர் கையில் மட்டும். ஆளுக்கொரு கருவி கேட்கும் கஹூட் போன்ற வினாடி வினாச் செயலி அங்கே எடுபடாது. அட்டையைக் காட்டி விடை சொல்லும் பிளிக்கர்ஸ் செயலிக்கு அந்தக் கவலை இல்லை. அதன் இணையதளத்தில் இருக்கும் எண்ணிட்ட அட்டைகளை அச்சடித்து, வருகைப் பதிவேட்டு வரிசைப்படி கொடுத்தால் போதும். அட்டை நடுவில் கறுப்புக் கட்டம், நாலு ஓரத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி பிடிக்க வேண்டும். டீச்சர் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்று ஓட்டினால், யார் எதைச் சொன்னார்கள் என்று பதிவாகிவிடும்.

எழுத்து பொடியாக இருப்பதற்குக் காரணம் காப்பியடிப்பது. அட்டைக்கு அட்டை கட்டமும் வேறு என்பதால் பக்கத்து பெஞ்சு திருப்பிய திசையைப் பார்த்து ஒன்றும் தேறாது. நம் பிள்ளைகள் இதற்கெல்லாம் அசருவார்களா? எந்த விடைக்கு எத்தனை பேர் என்று காட்டும் வரைபடத்தை டீச்சர் திரையில் திறந்து வைத்தால் நீளமான கோடு எது என்று பார்த்து அட்டை மெல்லச் சுழலும். மறுபடி கேமராவில் பட்டால் விடையும் மாறிவிடும். ஆகவே எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை வரைபடம் மறைந்தே இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. லீவு போட்ட நண்பனின் அட்டையை இன்னொரு கையில் தூக்கிப் பிடிப்பது. காய்ச்சலில் படுத்திருப்பவன் ஐந்துக்கு ஐந்து வாங்குவான்! அட்டையை அவரவர் நோட்டின் பின்னட்டையில் ஒட்டிவிட்டால் இந்த நட்பு கொஞ்சம் குறையும்.

பளபளப்பான லேமினேஷன் வேண்டாம். டியூப் லைட் பட்டுக் கூசினால் கேமரா படிக்காது. கட்டத்தின் மேல் விரல் பட்டாலும் அதே கதி. கடைசி பெஞ்சு விடுபட்டால் பெரும்பாலும் முன்வரிசைத் தலைதான் காரணம். அட்டையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள்.

இத்தனை பாடும் கேள்வி சரியாக இருந்தால்தான் பலன் தரும். "1/3, 1/4 இரண்டில் எது பெரியது?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்றைவிட நாலு பெரிது என்ற கணக்கில் 1/4-க்கு ஒரு கூட்டமே சேரும். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூரின் வழி இந்த இடத்தில் உதவும்: சரியான விடை 30-லிருந்து 70 விழுக்காட்டுக்குள் நின்றால், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு, மறுபடி அட்டை தூக்கச் சொல்வது. சத்தம் அடுத்த வகுப்புவரை கேட்கும். கேட்கட்டும். 30-க்கும் கீழே என்றால் வாதத்தில் பயனில்லை, பாடத்தையே திரும்ப நடத்த வேண்டும்.

கரண்ட் போனால் புரொஜெக்டர் நிற்கும், போன் நிற்காது. ஆனால் உடனே ஸ்கேனை நிறுத்துங்கள். மின்விசிறி நின்ற நிமிடமே நாற்பது அட்டையும் விசிறியாகிவிடும். காற்று வாங்குபவனின் விடையையும் போன் எழுதிக்கொள்ளும்.