பழைய காருக்கு ஏசியும் மீட்டர் விளக்கும்: ஒரு பல்பு கற்றுக்கொடுத்த பாடம்

1998ஆம் ஆண்டு தயாரான என் காரில் ஏசி குளிரவில்லை என்று முதலில் போன ஒர்க்‌ஷாப்பில், கேஸ் குறைந்திருக்கிறது, நிரப்பினால் சரியாகிவிடும் என்றார்கள். மூன்று வாரம் குளிர்ந்தது. மறுபடி போனேன், மறுபடி நிரப்பினார்கள். ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதன்று. குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். இதைக் கேட்கத் தோன்றாமல் இரண்டு முறை பணம் கொடுத்தவன் நான்.

அங்கே பானெட்டுக்குக் கீழுள்ள இணைப்புகளில் மட்டும் சோப்பு நீர் தடவிப் பார்த்துவிட்டு, கசிவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது மெக்கானிக், காருக்கு அடியில் ஏசித் தண்ணீர் சொட்டும் குழாயருகே கசிவு காட்டும் கருவியைப் பிடித்ததும் அது விடாமல் கத்தியது. டேஷ்போர்டுக்குள் இருந்து காற்றைக் குளிர்விக்கும் ‘கூலிங் காயில்’ (coil) ஓட்டையாகியிருந்தது. அதை எடுக்க டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும்.

கழற்றுவதென்றான பிறகு, மங்கிப்போன மீட்டர் பல்புகளையும் எல்இடியாக மாற்றிவிடலாம் என்று எண்ணி அந்த வேலையை நானே செய்தேன். எல்இடிக்கு நேர்முனை, எதிர்முனை உண்டு என்பதால், எரியாதவற்றைத் திருப்பிப் போட்டுச் சரிசெய்தேன். எச்சரிக்கை விளக்குகளைச் சோதிக்காமல் விட்டதுதான் பிழை.

புதிய கூலிங் காயில், கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் பொருத்தும் வேலை சிக்கலின்றி முடிந்தது. மெக்கானிக் முக்கால் மணி நேரம் வேக்யூம் போட்டு, அதாவது ஏசிக் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்து, அழுத்தம் ஏறாமல் நிற்கிறதா என்று அரை மணி நேரம் காத்திருந்த பிறகே, காரிலுள்ள ஏசி ஸ்டிக்கரில் குறித்த கிராம் அளவுக்கு ஆர்-134ஏ என்ற ஏசி கேஸை எடைபோட்டு ஏற்றினார். அன்று ஏசி காற்று வரும் துவாரத்தில் வைத்த வெப்பமானி 6 டிகிரி காட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை மறுநாள் இரவுவரைதான் இருந்தது. ஏசியும் முகப்பு விளக்கும் ஓட, சிறிது தூரத்திலேயே விளக்குகள் மங்கி இன்ஜின் நின்றுவிட்டது. பேட்டரி காலி, ஆனால் மீட்டரில் பேட்டரி எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லை. பல பழைய கார்களில், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத் தூண்டும் சிறு மின்னோட்டம் அந்தப் பல்பின் வழியாகவே செல்கிறது. நான் அந்த எல்இடியைத் தலைகீழாகப் போட்டிருந்ததால், ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. நேராகப் போட்டிருந்தாலும் எல்இடி விடும் மின்னோட்டம் போதாமல் போகலாம். எல்இடியே வேண்டுமென்பவர்கள் அதற்கு இணையாக ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) போட வேண்டும்.

நான் பழைய பல்பையே திரும்பப் போட்டுவிட்டேன். மீட்டர் முழுவதும் வெள்ளை ஒளியில் பளிச்சிட, சாவியைத் திருப்பியதும் அது மட்டும் மங்கலான சிவப்பில் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைகிறது. ஒவ்வொரு முறையும் அது அணைந்த பிறகே ஏசி பொத்தானைத் தொடுகிறேன்.