பிள்ளை வளர்த்த வருஷம் கணக்கில் வராது

காரைக்குடிப் பக்கம் முனைவர் பட்டம் வாங்கிய பெண்களிடம், "வெளிநாட்டில் போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) முயற்சி செய்யலையா?" என்று கேட்டால், "கல்யாணம், பிள்ளைன்னு வருஷம் ஓடிப்போச்சு, இனி யார் எடுப்பாக?" என்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் போனது மேரி ஸ்க்ளொடோவ்ஸ்கா கியூரி உதவித்தொகையில். ஹொரைசன் ஐரோப்பா என்ற 2021-27 ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் ஐரோப்பிய ஒன்றியம் பொதுப்பணத்திலிருந்து கொடுப்பது. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பட்டத்துக்குப் பின் ஆராய்ச்சி அனுபவம் 8 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்பது விதி. பலர் இந்த வரியைப் பார்த்ததும் மூடி வைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் கீழே படியுங்கள். மகப்பேறு இடைவெளியும், ஆராய்ச்சி இல்லாத வேலையில் இருந்த காலமும் அந்த 8-ல் சேராது. உரிய சான்று காட்டினால் போதும். இன்னொன்று, கடைசித் தேதிக்குள் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தேறியிருந்தாலே தகுதிதான்; பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

போகப்போகும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. ஊரிலேயே இருந்த நமக்கு அது தடையே இல்லை.

எனக்கு அதிக நேரம் பிடித்தது ஆள் தேடுவதில்தான். விண்ணப்பம் நம் பெயரில் மட்டும் போகாது. நம்மை ஏற்கும் நிறுவனத்தோடு சேர்ந்துதான் போகும். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் மின்கலம் படித்தவள் நான். அதனால் சோடியம் அயனி மின்கலத்தில் வேலை செய்யும் பிரெஞ்சு ஆய்வகங்களின் கட்டுரைகளை முதலில் படித்தேன். பொதுவாக ஒரு கடிதம் எழுதி எல்லோருக்கும் அனுப்புவதில் பயனில்லை. அவர்கள் கட்டுரையில் விடுபட்ட ஒரு கேள்வியை எடுத்து, அதற்கு என் கையில் என்ன இருக்கிறது என்று எழுதியதற்குத்தான் பதில் வந்தது.

அப்புறம் எழுத்து வேலை. முக்கியப் பகுதிக்குப் பத்துப் பக்கம்தான் இடம். மதிப்பெண்ணில் ஆய்வின் தரத்துக்கு 50 விழுக்காடு, தாக்கத்துக்கு 30, செயல்படுத்தும் முறைக்கு 20. நாம் அறிவியலை நன்றாக எழுதிவிடுவோம். இந்தப் பயணம் உங்களை எப்படி வளர்க்கும், நீங்கள் அந்த ஆய்வகத்துக்கு என்ன கற்றுக்கொடுப்பீர்கள் என்பதையும் அதே அக்கறையோடு எழுத வேண்டும். அவசரமாக எதையாவது அனுப்பிப் பார்ப்போம் என்று மட்டும் இறங்காதீர்கள். மதிப்பெண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தோடு விண்ணப்பிக்க முடியாது. செப்டம்பரில் அனுப்பினால் முடிவு பிப்ரவரி வாக்கில் வரும்.

தேர்வான பிறகு ஏற்கும் நிறுவனம் வரவேற்பு ஒப்பந்தம் அனுப்பும், அதை வைத்து ஆராய்ச்சியாளர் விசா. என் அப்பச்சி எங்கள் கல்யாணத்தில் எழுதிய ஒப்பந்த ஏடான இசைகுடிமானத்தைப் பெட்டகத்தில் பத்திரமாக வைத்திருந்தார். நம் நகரத்தார் வழக்கில் அதற்குள்ள மதிப்பு பெரிது. ஆனால் குடும்பத்தோடு போக விசாவுக்கு வேண்டியது அரசுப் பதிவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்து சான்றிதழ் வாங்குவதை முதலிலேயே முடித்துவிடுங்கள். குடும்பப்படியும் உண்டு, கணவரும் பிள்ளையும் கூட வந்தாலும் வராவிட்டாலும்.

பிள்ளையை விட்டுப் போவதா, கூட்டிப் போவதா என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. அப்பத்தாதான் முடித்துவைத்தார்கள். "பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன ஆம்பளைக மூணு வருஷக் கணக்கு முடிஞ்சுதான் திரும்பி வந்தாக. பொம்பளைக நாங்க வீட்டைப் பாத்துக்கிட்டோம். நீ பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போ."

கூட்டிக்கொண்டுதான் போனேன். இந்த ஆண்டு முயற்சி செய்கிறவர்கள் மே மாதத்துக்குள் ஆய்வகங்களுக்கு எழுதிவிடுங்கள். கோடை விடுமுறையில் அங்கே பலரும் கடிதம் பார்க்க மாட்டார்கள்.