மயிரிழையிலும் மெல்லியது

பொனட்டின் முன் ஓரம். ஒரு விரல் அகலம்கூட இல்லை. அந்த வளைவில் பொலிஷ் மெஷினை இரண்டு விநாடி கூடுதலாக அழுத்திவிட்டேன். எடுத்துப் பார்த்தால் பளபளப்புக்கு நடுவே மங்கலாக ஒரு கோடு. ஈரத் துணியால் துடைத்தேன், மறைந்தது. காய்ந்ததும் திரும்பி வந்தது. நிறத்துக்கு மேலே பூசுகிற நிறமற்ற காப்புப் பூச்சு, கிளியர் கோட், போய்விட்டது.

கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு கராஜில் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டாவது மாதம் அது. கார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. மகளின் கல்யாணத்துக்காகக் கட் அன்ட் பொலிஷ், அதாவது கீறல்களைத் தேய்த்து எடுத்து மெருகேற்ற, கொடுத்திருந்தார். எங்கள் பெயின்ட் பாஸ் திட்டவில்லை. பெயின்ட்டின் தடிப்பை மைக்ரோனில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில், காட்டும் மீட்டரை என் கையில் தந்து, "கதவுல வச்சுப் பாரு" என்றார். 118. "இப்ப ஓரத்துல வை." 71. "இடையில போனத திருப்பிப் போட ஏலுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவே பொனட் முழுவதையும் தேய்த்து மறுபடி பெயின்ட் அடித்தோம். அந்தச் செலவு எவ்வளவு என்று அவர் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் பதினேழு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். இன்றைய கார்களில் தகட்டின் மேல் ப்ரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன்தான். வெயிலையும் மழையையும் தாங்குகிற கிளியர் கோட் அதில் 40, 50. நம் தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரோன். கீறல் "போய்விட்டது" என்று நாம் சந்தோஷப்படுகிறபோது, கீறலின் அடி மட்டம் வரைக்கும் அதைச் சுற்றியிருந்த பெயின்ட்டை இறக்கியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் தேய்க்கிற பசையான கொம்பவுண்ட் சில மைக்ரோனைத் தின்கிறது. வக்ஸ் அப்படியல்ல. அது மேலே உட்கார்ந்து, பெயின்ட் தேய வேண்டிய இடத்தில் தான் தேய்ந்து போகும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் கையிலிருந்த பழைய காரே பலருக்குப் பெரிய சொத்தாகிவிட்டது. நிறையப் பேர் மெஷின் வாங்கி வீட்டிலேயே பொலிஷ் செய்யத் தொடங்கினார்கள். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினை வாங்கிவிட்டு, ஓரங்களில் வெளிறிப்போன காருடன் எங்களிடம் வந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த 71 ஞாபகம் வரும். வீட்டில் செய்வதென்றால் கையால் செய்யுங்கள். மெஷின்தான் வேண்டுமென்றால், சுழன்றபடி தள்ளாடும் இரட்டை அசைவு மெஷின் போதும். ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

உண்மையில் பொலிஷ் தேவைப்படுவதற்குக் காரணமே நாம் துடைக்கிற விதம்தான். காலையில் காய்ந்த தூசியை இறகுத் துடைப்பத்தால் தட்டுவதைக் கொழும்பில் எந்த ஒழுங்கையிலும் பார்க்கலாம். அந்தத் தூசியில் மணல் இருக்கிறது. வெயிலில் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி வலை போல் தெரிகிற கீறல்கள் அப்படித்தான் வருகின்றன. இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் கார் ஷம்பூ, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள், கீழ்ப்பகுதிக்கு வேறு துணி. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், போட்ட வக்ஸை அது கழுவிக்கொண்டு போய்விடும்.

கொழும்பின் கடலோர வீதியான மரீன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு சோதனையும் சொல்வேன். கழுவித் துடைத்த பிறகு மெல்லிய ஷொப்பிங் பேக் ஒன்றைக் கைக்குள் போட்டுக்கொண்டு பொனட்டை மெதுவாகத் தடவுங்கள். வெறும் கைக்கு வழவழப்பாக இருந்த இடம் அரத்தாள் மாதிரி நெருடும். பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது. தண்டவாளத்திலும் பிரேக்கிலும் உதிரும் இரும்புத்தூள் பெயின்ட்டில் குத்தி நிற்கும், வெள்ளைக் காரில் சின்னச் சின்னத் துரு நிறப் புள்ளியாகத் தெரியும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கடல் உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். இதைத் தேய்த்து எடுக்கப் போகாதீர்கள். களிமண் போன்ற கிளே துண்டால், ஷம்பூ தண்ணீர் தாராளமாக விட்டு, வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இழுத்தால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

காகம் போட்ட எச்சத்தை ஒரு நாள்கூட விடக்கூடாது. மத்தியான வெயிலில் பொனட் கை வைக்க முடியாத அளவு சுடும்போது பெயின்ட் இளகி விரிகிறது. மாலையில் அது காய்ந்த எச்சத்தைச் சுற்றிச் சுருங்கும், எச்சத்தின் வடிவம் அதில் அச்சாகப் பதிந்துவிடும். நனைத்த துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டுவைத்து, பிறகு தூக்கி எடுங்கள். உரசவேண்டாம்.

வக்ஸ் போடுவதற்கு நிழலும், கைக்குக் குளிர்ந்த தகடும் வேண்டும். பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கிற கார்னோபா வக்ஸ் எனக்குப் பிடித்தது. விரல் நுனி அளவு எடுத்து, போட்டதே தெரியாத மாதிரி மெல்லிசாகப் பூசுங்கள். எங்கள் ஊர் ஈரக்காற்றில் தடிப்பாகப் பூசினால் காயவே காயாது, துடைக்கத் துடைக்க இழுபடும். விரலால் கோடு போட்டுப் பாருங்கள். சுத்தமாகக் கோடு விழுந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம். மழைத்துளி முத்து முத்தாக நிற்காமல் படர ஆரம்பித்தால் அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது.

பம்பலப்பிட்டியில் ஓர் ஐயாவிடம் பச்சை நிற மொரிஸ் மைனர் இருக்கிறது. முதல்முறை அதை நான் கையால் பொலிஷ் செய்தபோது துணி பச்சையாகிவிட்டது, எனக்கு உடம்பெல்லாம் பதறியது. பழைய கார்களில் கிளியர் கோட் இல்லை, நிறமே மேல்பூச்சு என்று அவர்தான் நிதானமாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் காரில் பொலிஷ் பட்டதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவரே கராஜ் நிழலில் நின்று வக்ஸ் மட்டும் போடுகிறார். நான் மீட்டரோடு போய் வலது மட்கார்டில் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பேன், அவர் கொப்பியில் குறித்துக்கொள்வார். மூன்று வருடத்துக்கு முன் எழுதியது 143. போன மாதம் 142.