சூட்டுக்கட்டிக்கு எதற்கு டிபி மாத்திரை?

டெல்டாவில் தோல் டாக்டராக இருப்பவர்களுக்கு அக்குள் கட்டி புதிதில்லை. குறுவை நடவு முடிந்த கையோடு பெண்கள் வருவார்கள், வியர்வையும் ஈரத்துணி உரசலும் சேர்ந்து ஏற்கெனவே இருந்த கட்டியைக் கிளறி விட்டிருக்கும். "சூட்டுக்கட்டி டாக்டரம்மா" என்பார்கள். வருஷக்கணக்கில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டு, மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டு, சீழ் எடுத்து எடுத்து அலுத்த பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா கையை உடம்பில் படாமல் தூக்கியே வைத்திருந்தார், ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணி நனைந்திருந்தது.

இதன் பெயர் ஹைட்ராடினைடிஸ் சப்புரடைவா. அழுக்கால் வருவதில்லை, ஒட்டுவதும் இல்லை. மயிர்க்கால் அடைத்து உள்ளேயே உடைந்து, அழற்சி தோலுக்கடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும்.

நாங்கள் கொடுப்பதில் பெரும்பாலானவை வேறு நோய்க்கு வந்த மருந்துகள். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு, டாப்சோன் தொழுநோய்க்கு, கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் காசநோய்க்கு. மூட்டுவாதத்துக்கு வந்த அடலிமுமாப் ஊசிக்கே இந்தக் கட்டிக்காக அமெரிக்காவில் 2015-ல்தான் அனுமதி கிடைத்தது. அதனால் சீட்டு எழுதுவதைவிட விளக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தைக் குறைக்கவே கூடாது என்பேன். கடையில் யாராவது "இது டிபி மாத்திரையாச்சே" என்று சொல்லிவிட்டால் போதும், வீட்டில் அந்தப் பெண்ணின் தட்டும் தம்ளரும் தனியாகிவிடும்.

ரிஃபாம்பிசின் எழுதும் முன் நெஞ்சு எக்ஸ்ரே பார்த்தே ஆக வேண்டும். உள்ளே காசநோய் ஒளிந்திருந்தால் இந்த அரைகுறை வைத்தியம் கிருமிக்கு மருந்தையே பழக்கிவிடும், நம் ஊரில் அது பெரிய ஆபத்து. சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது, இதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். டாப்சோன் என்றால் ஜி6பிடி என்ற என்சைமுக்குப் பரிசோதனை, அது குறைவாக இருப்பவர்களுக்கு ரத்தச் சிவப்பணு உடையும்.

அந்த அக்காவுக்கு ரிஃபாம்பிசினும் கிளிண்டமைசினும் 10 வாரம் கொடுத்ததில் சீழ் வடிவது நன்றாகவே குறைந்தது, பழைய சுரங்கங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன, அதற்கு அறுவைதான் வழி. "நிறுத்தினா திரும்ப வருமா?" என்று கேட்டார். வரலாம் என்று ஒளிக்காமல் சொன்னேன். அப்புறம் மெட்ஃபார்மின் பேச்சை எடுத்ததும் "எனக்குத்தான் சுகர் இல்லையே டாக்டரம்மா" என்றார், சரி என்று மறுபடி முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன்.