மூன்றாவது இயங்குதளம்: உபுண்டு டச் நாட்குறிப்பு

8 செப்டம்பர் 2024, ஞாயிறு

இன்றிலிருந்து என் முதன்மை சிம் உபுண்டு டச் போனில் இருக்கிறது. ஆண்ட்ராய்டும் இல்லாத, ஐபோனும் இல்லாத, லினக்ஸில் ஓடும் திறந்த இயங்குதளம் அது. போன் கூகுளின் பழைய பிக்சல் 3ஏ. 2019 மே மாதம் வந்த மாடல். 2022 மே மாதத்தோடு இதற்கான ஆண்ட்ராய்டு அப்டேட் நின்றுவிட்டது. திரை நன்றாக இருக்கிறது, கேமரா நன்றாக இருக்கிறது, ஹெட்போன் துளைகூட இருக்கிறது. மென்பொருளுக்கு வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் இதைத் தூக்கி அலமாரியில் போட எனக்கு மனசில்லை.

வேலை காலையிலேயே முடிந்தது. முதலில் பூட்லோடரை, அதாவது வேறு இயங்குதளம் ஏறாமல் காக்கும் பூட்டை, திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அப்புறம் ஆண்ட்ராய்டு 9க்குத் திரும்பிப் போக வேண்டும், ஏனென்றால் அந்தப் பதிப்பின் டிரைவர்களை வைத்துத்தான் உபுண்டு டச் இந்தப் போனின் வன்பொருளோடு பேசுகிறது. ஹேலியம் என்ற ஓர் அடுக்கு நடுவில் நிற்கிறது. கீழே தயாரிப்பாளர் கொடுத்த ஆண்ட்ராய்டு டிரைவர்கள், மேலே அசல் லினக்ஸ். உபுண்டு டச்சை நடத்தும் தன்னார்வலர் குழு யூபிபோர்ட்ஸ். கணினியில் அவர்களுடைய இன்ஸ்டாலரைத் திறந்து, கேபிளைச் செருகி, அது கேட்கும்போது வால்யூம் பொத்தானையும் பவர் பொத்தானையும் அமுக்கினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்கிறது.

வங்கிச் செயலி இருக்கும் ஆண்ட்ராய்டு போனை வீட்டில் வைத்துவிட்டேன். வெளியே இது மட்டும்தான்.

11 செப்டம்பர்

இதில் முகப்புப் பொத்தான் கிடையாது. எல்லாமே திரையின் நான்கு ஓரங்களில் இருக்கிறது. இடது ஓரத்திலிருந்து விரலை லேசாக உள்ளே கொண்டுவந்தால் செயலிகளின் வரிசை வரும். வலது ஓரத்திலிருந்து இழுத்தால் திறந்திருப்பவை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும். கீழ் ஓரம் அந்தந்தச் செயலிக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்தது மேல் ஓரம். பேட்டரி குறியீட்டின் மேல் விரலை வைத்து இழுத்தால் பேட்டரி விவரம் திறக்கும். விரலை எடுக்காமல் அப்படியே இடப்பக்கம் நகர்த்தினால் ஒலி, நெட்வொர்க் என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போகும். வேண்டிய இடம் வந்ததும் விரலை விட்டால் போதும். கட்டைவிரல் ஒன்றே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. வடிவமைத்தவர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த அக்கறை கைக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். ஒரு செயலியை விட்டு இன்னொன்றுக்குப் போனால் முந்தையது அங்கேயே உறைந்துவிடும். பின்னால் இருந்துகொண்டு எதையும் தின்னாது. இரவு சார்ஜ் போடாமல் படுத்தாலும் காலையில் பேட்டரி பெரிதாக இறங்கியிருப்பதில்லை. பாட்டு மட்டும் திரை அணைந்த பிறகும் ஓடும்.

19 செப்டம்பர்

அம்மா கூப்பிட்டார். "என்னடா, உன் குரல் மங்கலா கேக்குதே?" என்றார். காரணம் போனின் மூலையில் தெரிந்தது. அழைப்பு வந்ததும் 4ஜி என்ற குறி 2ஜி என்று மாறியது. பேசி முடித்த பிறகே திரும்பி வந்தது. பேசும் நேரத்தில் இணையமும் இல்லை.

இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். சிறிய இயங்குதளங்களின் கழுத்தைப் பிடிக்கும் முதல் பிரச்சினை இதுதான். 4ஜி வலையில் குரலுக்கென்று தனிப்பாதை இல்லை. குரலும் தரவுப் பொட்டலங்களாகவே போகிறது. அதற்குப் பெயர் வோல்டிஇ. அதை நடத்தும் நிரல் ஒவ்வொரு மோடம் தயாரிப்பாளரிடமும் ஒவ்வொரு மாதிரி, மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்கு மட்டும் அதன் சாவி தரப்படுகிறது. உபுண்டு டச்சில் மிகச் சில கருவிகளில்தான் தன்னார்வலர்கள் அதை ஓட வைத்திருக்கிறார்கள். மற்றவற்றில் அழைப்பு வந்தால் போன் 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கிவிடும்.

என் சிம் நிறுவனத்திடம் 2ஜி இருப்பதால் நான் பிழைத்தேன். ஜியோ 2016 செப்டம்பரில் வந்தபோதே 4ஜி மட்டும்தான். அந்த மாதிரி வலையில் வோல்டிஇ இல்லாத போன் அழைப்பை ஏற்க வழியே இல்லை. இந்தியாவில் யாராவது இந்த இயங்குதளத்தை நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது சிம்மைத்தான். செயலிப் பட்டியல் அப்புறம்.

9 அக்டோபர்

ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் இன்று அறிவித்தார்: யுபிஐ 123பே வழியாக ஒரு தடவை அனுப்பும் வரம்பு 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்கிறது. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்காக 2022 மார்ச்சில் கொண்டுவந்த சேவை அது. போன மாதம்வரை இந்தச் செய்தியைத் தாண்டிப் போயிருப்பேன். இன்று முழுதாகப் படித்தேன்.

உபுண்டு டச்சில் யுபிஐ செயலி ஏன் ஓடாது? ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்ட வேய்ட்ராய்ட் என்று ஒன்று உண்டு. லினக்ஸுக்குள் தனி அறை கட்டி அதற்குள் ஒரு முழு ஆண்ட்ராய்டை வைக்கும் ஏற்பாடு. பேருந்து நேரம் பார்க்கும் செயலி, அகராதி இவையெல்லாம் அதில் ஓடுகின்றன. ஆனால் யுபிஐ செயலி முதலில் உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, போனையும் எண்ணையும் கணக்கையும் ஒன்றாகக் கட்ட வேண்டும். வேய்ட்ராய்டுக்குள் சிம் என்ற ஒன்றே தெரியாது. அதோடு, பல வங்கிச் செயலிகள் இது கூகுள் சான்றளித்த போன்தானா என்று கூகுளிடமே கேட்கின்றன. இல்லை என்று பதில் வந்தால் கதவு மூடிவிடும்.

பாதுகாப்புக்காகத்தான் இது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அப்டேட் நின்று பல வருடமான ஆண்ட்ராய்டு போன்களை உள்ளே விடும் செயலிகள் உண்டு. டிரைவர்கள் பழையவை என்றாலும், மேல் அடுக்கில் புதிய பாதுகாப்புத் திருத்தங்களோடு இருக்கும் என் போனுக்கு அனுமதி இல்லை. அப்படியானால் இங்கே சோதிக்கப்படுவது பாதுகாப்பு இல்லை, யாருடைய முத்திரை என்பதுதான். இந்தியாவின் சொந்தப் பணப் பாதைக்குள் நுழைய கூகுள், ஆப்பிள் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களில் ஒன்றின் முத்திரை வேண்டும் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

13 அக்டோபர், ஞாயிறு

காந்தி மார்க்கெட்டில், காய்கறிக்குப் பணம் கொடுக்க, *99# போட்டுப் பார்த்தேன். இணையம் இல்லாமல் எழுத்து மெனு வழியாக யுபிஐ பணம் அனுப்பும் எண் அது. கையில் சில்லறை இருந்தது. வேண்டுமென்றே எடுக்கவில்லை.

"அக்கா, ஸ்கேன் பண்ண முடியாது. அட்டையில கீழே எழுதியிருக்கிற ஐடியைப் பாத்து அடிச்சுக்கிறேன்."

"அடிச்சுக்க தம்பி. ஆனா சத்தம் வந்தாத்தான் பையைக் குடுப்பேன்."

டயலரில் *99# அடித்ததும் எழுத்து மெனு வந்தது. பணம் அனுப்ப 1. அப்புறம் யுபிஐ ஐடி. அட்டையில் அது எறும்பு அளவு எழுத்தில், நடுவில் ஒரு புள்ளி, ஏழெட்டு எண்கள், கடைசியில் அந்தச் சுழி எழுத்து. மெனுவில் ரொம்ப நேரம் நின்றால் இணைப்பு விழுந்துவிடும், அதனால் முதலிலேயே குறிப்பேட்டில் அடித்து வைத்து நகலெடுத்து ஒட்டினேன். தொகை, குறிப்பு, கடைசியில் பின் எண். சில நொடிகள் கழித்து தராசுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஒலிபெருக்கி தொகையைச் சொன்னது. அக்கா பையை நீட்டினார்.

பின்னால் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். கூட்டமான நேரத்தில் இது நடக்காது. தினசரிக்கு ரொக்கம்தான், அவசரத்துக்கு இது. ஆனால் இணையமே இல்லாமல், எந்த முத்திரையும் கேட்காமல், பட்டன் போனுக்காகக் கட்டிய பழைய வழி என்னை உள்ளே விட்டது. பொதுவாகக் கட்டிய பாதைக்கும் செயலிக்குள் அடைத்த பாதைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்த மாதிரி ஆயிற்று.

மற்றவை உலாவியிலேயே முடிகின்றன. மின் கட்டணம், ரயில் டிக்கெட், டிஜிலாக்கர், நெட்பேங்கிங் எல்லாவற்றுக்கும் இதிலேயே வரும் மார்ஃப் உலாவி போதும்.

23 அக்டோபர்

நேற்று சீன நிறுவனம் ஹுவாவே தன் புதிய இயங்குதளமான ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்ட்டை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. இதற்கு முந்தைய பதிப்புகளில் ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடின. இதில் ஓடாது. 2019 மே மாதம் அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்து, கூகுள் சேவைகள் கைவிட்டுப் போன பிறகு அவர்கள் கட்டி எழுப்பியது.

எனக்கு வேண்டிய இயங்குதளம் இது இல்லை. ஒரே நிறுவனத்தின் பிடியில் இருப்பது இதுவும். ஆனால் "மூன்றாவது இயங்குதளத்துக்கு யாரும் செயலி எழுத மாட்டார்கள்" என்று நண்பர்கள் அடித்துச் சொல்வதற்கு இது பதில். ஒரு பெரிய சந்தை பின்னால் நின்றால் சீன வங்கிகளும் கடைகளும் எழுதிக் கொடுக்கின்றன. அப்படிப்பட்ட சந்தை உலகத்தில் இன்னொன்று இருக்கிறது என்றால் அது நம்முடையதுதான்.

28 அக்டோபர்

ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் இன்று 3ஜியை நிறுத்தத் தொடங்கின. 4ஜி வழியாக அவசர எண் 000ஐ அழைக்க முடியாத போன்களை வலையிலிருந்தே விலக்க வேண்டும் என்பது அங்கே விதி. சாதாரண அழைப்புக்கு வோல்டிஇ பயன்படுத்திவிட்டு அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜிக்கு இறங்கும் போன்களும் இதில் மாட்டும். விதியின் நோக்கம் சரியானதே, உயிர் விஷயம். ஆனால் என் கையில் இருப்பது மாதிரியான போனுக்கு அங்கே இனி இடமில்லை. இங்கே பட்டன் போன்கள் இருக்கும்வரை 2ஜி இருக்கும். அந்தக் கால அவகாசத்துக்குள் வோல்டிஇ வந்தாக வேண்டும்.

2 நவம்பர்

தீபாவளி வாழ்த்துகள் எல்லாம் வாட்ஸ்அப்பில். வீட்டில் இருக்கும் போனில் கணக்கு, இதில் அதன் வலைப் பதிப்பு. முதன்மைப் போனை 14 நாளைக்கு ஒருமுறையாவது திறந்தால் இணைப்பு அறுந்துபோகாது. குழுவில் செய்தி வந்தால் உடனே மணி அடிக்காது, நானாகத் திறந்து பார்க்கிறேன். குடும்பத்தில் அவசரம் என்றால் கூப்பிடச் சொல்லிவிட்டேன்.

10 நவம்பர்

உபுண்டு டச் ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்டது. உபுண்டுவை உருவாக்கும் கனானிகல் நிறுவனம் 2013 ஜனவரியில் இதை அறிவித்தது. அதே வருடம் உபுண்டு எட்ஜ் என்ற போனுக்காக 3 கோடியே 20 லட்சம் டாலர் கேட்டு மக்களிடம் நிதி திரட்டினார்கள். சுமார் 1 கோடியே 28 லட்சம் டாலருக்கு வாக்குறுதி வந்தும் இலக்கு எட்டாததால் போன் வரவில்லை. 2015இல் பிக்யூ என்ற ஸ்பெயின் நிறுவனம் முதல் போனை விற்றது. 2017 ஏப்ரலில் கனானிகலின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் போன் முயற்சி முடிந்தது என்று அறிவித்தார். யூபிபோர்ட்ஸ் தன்னார்வலர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏழு வருடம் கழித்து நான் அதில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

விண்டோஸ் போனுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் 2014இல் நோக்கியாவின் போன் பிரிவையே வாங்கியது. வரித் தகராறால் அந்த விற்பனையில் சேராமல் நின்ற ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்களின் வேலை போயிற்று. விண்டோஸ் 10 மொபைலின் ஆதரவும் 2020 ஜனவரியில் முடிந்தது. நல்ல இயங்குதளம் அது, மலிவான லுமியாவில்கூட வழுக்கிக்கொண்டு ஓடும். நிரல் பூட்டிய பெட்டிக்குள் இருந்ததால், பிடித்தவர்கள் இருந்தும் யாராலும் எடுத்து நடத்த முடியவில்லை. பிளாக்பெர்ரியும் அப்படியே, 2022 ஜனவரி 4 என்று தேதி குறித்துச் சேவையை நிறுத்தினார்கள்.

பயர்பாக்ஸ் ஓஎஸ் வேறு கதை. 2014இல் இன்டெக்ஸ் அதை வைத்து 1,999 ரூபாய்க்குப் போன் விற்றது. மொசில்லா 2015 இறுதியில் போன்களை விட்டுவிட்டது. ஆனால் நிரல் திறந்தது என்பதால் அதன் கிளை காய்ஓஎஸ் ஆகி, 2017இல் ஜியோபோனுக்குள் புகுந்து கோடிக்கணக்கான கைகளுக்குப் போயிற்று. எதிர்காலம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது விற்பனை எண்ணிக்கையை இல்லை, இந்த இரண்டு வகைச் சாவுகளின் வித்தியாசத்தை.

ஆள் பலம் குறைவு என்பதும் உண்மை. அடித்தளமான உபுண்டுவின் 16.04 பதிப்பிலிருந்து 20.04க்கு மாறி முதல் நிலையான பதிப்பு வரவே 2023 மார்ச் ஆயிற்று. 20.04க்கான வழக்கமான ஆதரவு வரும் 2025இல் முடிகிறது. 24.04க்கு மாற்றும் வேலை இப்போது நடக்கிறது. நானும் உபுண்டு டச்சின் திரை இடைமுகமான லோமிரியின் தமிழாக்கத்தில் விடுபட்ட வரிகளை இரவில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புகிறேன்.

24 நவம்பர்

ஆய்வகத்தில் ஒருவர் பார்ஓஎஸ் என்ற இந்தியப் போன் இயங்குதளம் பற்றிக் கேட்டார். சென்னை ஐஐடியில் வளர்ந்த நிறுவனம் உருவாக்கியது, 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆண்ட்ராய்டின் திறந்த நிரல்தான் அடித்தளம். முன்கூட்டித் திணித்த செயலிகள் எதுவும் இருக்காது என்பது அதன் பெருமை. பாராட்டுகிறேன். ஆனால் பொது ஜனங்களின் கைக்கு அது வர வேண்டுமென்றால் அதுவும் அதே இரண்டு வாசல்களில்தான் நிற்க வேண்டும்: அழைப்பு, பணம்.

2022 அக்டோபரில் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டிலிருந்து பிரிந்த வேறு இயங்குதளங்களில் போன் தயாரிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. அது தொழிற்சாலைக்கான கதவு. பயனாளருக்கான கதவை இன்னும் யாரும் தொடவில்லை. நான் கேட்பது பெரிதில்லை. தொகைக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, உலாவியிலேயே யுபிஐ செலுத்த ஒரு வழி. வங்கியின் வலைத்தளத்தில் கடவுச்சொல்லும் ஓடிபியும் வைத்து லட்சக்கணக்கில் அனுப்ப விடுகிறார்களே, காய்கறிக்கு விடக் கூடாதா? ரிசர்வ் வங்கிக்கு இதைக் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும்.

8 டிசம்பர், ஞாயிறு

இறுதியாண்டு மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "சார், என் பழைய போன்ல போட்டுத் தர்றீங்களா?" யூபிபோர்ட்ஸின் கருவிப் பட்டியலில் தேடினோம். அவருடைய மாடல் இருந்தது. வோல்டிஇ வேலை செய்யாது என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருந்தது. சிம் எந்த நிறுவனம், அதில் 2ஜி உண்டா என்று கேட்டேன். உண்டு. வங்கிச் செயலிக்கு அப்பாவின் போனைப் பயன்படுத்திக்கொள்வாராம்.

பூட்லோடரைத் திறக்க அந்தப் போன் நிறுவனம் விண்ணப்பம் கேட்டு ஒரு வாரம் காத்திருக்க வைக்கிறது. விண்ணப்பத்தை இங்கேயே போட்டோம். படங்களையும் தொடர்பு எண்களையும் கணினிக்கு மாற்றிவிட்டு, நல்ல கேபிள் ஒன்றோடு அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.